‘கொமன்’: ஓர் ஆங்கிலச் சொல்லும் அதன் நிலமும்

ஆங்கில - தமிழ் அகராதி எதனைப் புரட்டினும் ‘கொமன்’ என்னும் சொல்லுக்கு நேரே நீண்டதொரு பொருள்வரிசை காணப்படும். பொதுவான, பலர்க்கும் உரிய, வழக்கமான, சாதாரணமான, மலிந்த, தரங்குறைந்த, இழிந்த என அது செல்லும். பெயர்ச்சொல்லாகக் கொள்ளுமிடத்து ஊர்ப்பொது நிலம், மேய்ச்சற்றரை என்பனவும் சேரும். அகராதிக்காரர் இவற்றை எண்ணிட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைப்பர். அவ்வடுக்கைப் பார்க்கும் மாணவனுக்கு, ஒரு பொருளிலிருந்து மற்றொன்று தானாகவே கிளைத்தது போன்ற எண்ணம் உண்டாதல் இயல்பே. ஆயின் ‘பலர்க்கும் உரியது’ என்ற பொருளும் ‘இழிந்தது’ என்ற பொருளும் ஒரே சொல்லிற் குடிகொண்டது எங்ஙனம்? அவ்விரண்டாம் பொருள் யார் வாயில், எக்காலத்தில், எதன்பொருட்டு ஏறிற்று? அகராதி இவ்வினாக்களை எழுப்புவதில்லை.

சொற்பொருள் சமூக உறவுகளுக்கு வெளியே நின்று வளர்வதன்று என்பதை, 1929இல் வெளிவந்த ‘மார்க்சியமும் மொழித் தத்துவமும்’ என்ற நூலில் வொலோஷினோவ் வற்புறுத்தினார். ஒரு மொழியைப் பேசும் வெவ்வேறு வர்க்கங்கள் தத்தமக்கெனத் தனிச் சொற்களை வைத்திருப்பதில்லை. ஒரே சொற்களையே அவை கையாளுகின்றன. எனவே சொல்லே வர்க்கப் போராட்டத்தின் களங்களுள் ஒன்றாகிறது என்பது அவரது நிலைப்பாடு. 1976இல் றேமண்ட் வில்லியம்ஸ் வெளியிட்ட ‘கீவேட்ஸ்’ என்னும் நூல் ஆங்கிலச் சொற்கள் பலவற்றை இந்நோக்கில் ஆராய்ந்தது. அவர் எடுத்துக்கொண்டவற்றுள் ‘கொமன்’ என்பதும் ஒன்று. அவர் காட்டிய திசையிற் செல்லும் நாம், இக்கட்டுரையில் அச்சொல்லை நிலத்தின் பக்கமிருந்து நோக்க விரும்புகிறோம். அதன் பொருள்களுள் காலால் மிதித்தறியத்தக்கது அதுவொன்றே. அந்நிலம் கைமாறிய வரலாற்றை விடுத்து ஏனைய பொருள்களின் போக்கை விளங்கிக்கொள்ள இயலாது என்பது எமது துணிபு.

முதலிற் பிறப்பைப் பற்றிச் சிறிது. 1066ஆம் ஆண்டின் நோர்மன் வெற்றியின் பின்னர் பிரெஞ்சு மொழிவழி ஆங்கிலத்துட் புகுந்த சொற்களுள் இதுவும் ஒன்று. அதன் இலத்தீன் மூலமான ‘கொம்யூனிஸ்’ என்பதில் ‘கூட’ எனப் பொருள்படும் முன்னொட்டும், கடமை, பணி, கொடை ஆகியவற்றைக் குறிக்கும் ‘மூனுஸ்’ என்ற சொல்லின் உறவும் உண்டு. சேர்ந்து கடமை சுமப்போருக்கு உரியது என்பது அடிப்படைக் கருத்து. இச்சொல் வருமுன்னரே பழைய ஆங்கிலத்தில் இதே பொருள் தரும் ‘யெமேனெ’ என்ற சொந்தச் சொல்லொன்று இருந்தது. இலத்தீன் சொல்லுக்கு உடன்பிறப்பு போன்ற அச்சொல் தேய்ந்து இன்றைய ‘மீன்’ என்ற உரிச்சொல்லாயிற்று. (தமிழில் எழுதுங்கால் இது நகைப்புக்கிடமாகும், எனினும் வேறு வழியில்லை.) ‘பகிர்ந்துகொள்ளப்படுவது’ என்ற பொருளோடு பிறந்த அச்சொல் இன்று அற்பமான, கீழ்மையான, ஈனத்தனமான என்றே பொருள்படுகிறது. ஜேர்மன் மொழியில் ‘கெமைன்’ என்ற அதன் இனச்சொல்லும் அவ்வாறே பொதுவானது என்பதிலிருந்து கீழ்த்தரமானது என்பதற்கு இறங்கியுள்ளது. ஒரு சொல் வழுக்கி விழுந்தாற் தற்செயல் எனலாம். மூன்று சொற்கள் ஒரே பள்ளத்தில் விழுந்திருப்பின் ஆராயப்பட வேண்டியது பள்ளமேயாகும்.

நிலமானிய இங்கிலாந்தில் ‘கொமன்’ என்பது முதற்கண் ஓர் உரிமையின் பெயராகவே இருந்தது. பண்ணைக் கிராமத்தின் மண் சட்டப்படி பிரபுவுக்குரியது. அம்மண்ணிலிருந்து சிலவற்றைப் பெறுதற்குக் குடியானவர்களுக்கு இருந்த உரிமையையே அச்சொல் குறித்தது. மாடும் ஆடும் மேய்க்கும் உரிமை ஒன்று. விறகும், வேலிக்கும் வீட்டுக்கும் வேண்டிய மரமும் வெட்டும் உரிமை மற்றொன்று. சதுப்பு நிலத்தில் எரிபொருளாகும் மண்கட்டிகளை வெட்டியெடுப்பது, நீர்நிலையில் மீன் பிடிப்பது, இலையுதிர்காலத்திற் காட்டில் உதிரும் ஓக், பீச் விதைகளைத் தின்னப் பன்றிகளை ஓட்டிவிடுவது என ஒவ்வொன்றுக்கும் சட்டத்திலே தனிப்பெயர் இருந்தது. 1217இல் வெளியிடப்பட்ட வனப் பட்டயம் அரச காடுகளில் இத்தகைய உரிமைகள் சிலவற்றை ஏற்றுக்கொண்டது. மாக்னா கார்ட்டாவைப் பாடநூல்கள் மறவாது போற்றுகின்றன. விறகையும் பன்றியையும் பற்றிப் பேசிய வனப் பட்டயம் பாடநூல்களுக்குள் அதிகம் நுழையவில்லை.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. குடியானவர் ‘எங்கள் கொமன்’ என்று குறித்த அதே நிலத்தைப் பிரபுவின் ஏடுகள் ‘வேஸ்ற்’, அதாவது உழப்படாத பாழ்நிலம் எனக் குறித்தன. நிலம் ஒன்று, பெயர் இரண்டு. கீழிருந்து நோக்குவோனுக்கு அது பசுவின் பாலும் அடுப்பின் தீயும். மேலிருந்து நோக்குவோனுக்கு அது இன்னும் வருமானம் தராத வெறுந்தரை. 1235ஆம் ஆண்டின் மேட்டன் சட்டம், குடிகளுக்குப் போதிய மேய்ச்சல் எஞ்சுமாயின் பிரபு தம் பாழ்நிலத்தை வேலியடைத்துக்கொள்ளலாம் என அனுமதித்தது. போதுமா என்பதை அளப்பவர் யார் என்ற வினாவே அடுத்த அறுநூறு ஆண்டுப் பூசலின் கரு எனலாம்.

இந்நிலம் எவருக்கும் உரியதல்லாத திறந்தவெளி என்ற எண்ணம் இன்றும் பரவலாக உண்டு. 1968இல் கறெற் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய, மிகுதியும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை, கொமன் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் மாடுகளைப் பெருக்கி ஈற்றில் எல்லோரும் அழிவர் என வாதித்தது. அவர் வருணித்த நிலம் வரலாற்றில் இருந்த கொமன் அன்று. ஒருவர் எத்தனை கால்நடைகளை, எத்தினம் தொடங்கி எத்தினம் வரை விடலாம் என்பதற்குக் கிராமங்களில் வரையறை உண்டு. மீறியோருக்குப் பண்ணை நீதிமன்றம் தண்டம் விதித்தது. அயலூரார் மாடுகள் பட்டியில் அடைக்கப்பட்டன. 1998இல் ஹார்டினே, ‘நிருவகிக்கப்படாத’ என்ற அடைமொழியைத் தாம் சேர்த்திருக்க வேண்டும் என ஒப்புக்கொண்டார். கூட்டு நிருவாகம் பல நாடுகளில் நீடித்து நின்றதை ஆராய்ந்து 1990இல் நூல் வெளியிட்ட எலினோர் ஒஸ்றொம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் மார்க்சியர் அல்லர் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. ‘பலர்க்கு உரியது’ என்பது ‘எவர்க்கும் உரியதன்று’ எனத் திரிந்ததே இச்சொல்லின் வரலாற்றில் மிகப் பெரிய பொருள்மாற்றம். அத்திரிபு எங்கே நிகழ்ந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

நிலத்தின்மேல் உரிமை உடையோர் என்ற பொருளிலிருந்து, உழைக்கும் மக்கள் என்ற பொருளும் இச்சொல்லுக்கு வந்தது. 1381ஆம் ஆண்டு விவசாயிகள் கிளர்ச்சியின்போது கிளர்ச்சியாளர், எதிர்ப்பட்டோரை நிறுத்தி, நீர் யார் பக்கம் என வினவினர் என்றும், மன்னர் றிச்சட்டின் பக்கமும் மெய்யான ‘கொமன்ஸ்’ பக்கமும் என்பதே ஏற்கப்பட்ட விடை என்றும் அக்கால வரலாற்றேடு கூறும். ‘மெய்யான’ என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். பொய்யான கொமன்ஸ் ஒன்றும் அப்போது இருந்தது என்பது அதன் உட்கிடை. வெஸ்ற்மின்ஸ்ரரில் பிரபுக்களினின்றும் பிரிந்து அமர்ந்த ‘கொமன்ஸ்’ சபையில் இருந்தோர் கோட்டங்களின் நைற்றுகளும் நகரங்களின் செல்வருமே. எல்லாம் பொதுவாக்கப்படும் நாள்வரை இங்கிலாந்தில் நிலைமை சீராகாது எனப் பிரசங்கித்ததாகக் கூறப்படும் ஜோன் போல் என்ற ஏழைக் குரு, அவ்வாண்டு யூலையில் சென் அல்பன்ஸில் தூக்கிலிடப்பட்டார்.

நாம் தமிழில் ‘பொதுமக்கள் சபை’ என எழுதி வருகிறோம். அம்மொழிபெயர்ப்பு தவறான மயக்கத்தைத் தருவது. அப்பெயரிலுள்ள ‘கொமன்ஸ்’ கோட்டம், நகரம் ஆகிய சமுதாய அலகுகளையே முதலிற் குறித்தது; சாதாரண மக்களை அன்று. 1430ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 40 சிலிங் வருமானம் தரும் சொந்த நிலமுடையோரே கோட்டத் தொகுதிகளில் வாக்களிக்கலாம். 1832 வரை இவ்விதி நிலைத்தது. ‘கொமன்’ உரிமையால் வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் ‘கொமன்ஸ்’ சபையின் வாசற்படியைக்கூட மிதித்திலர். அச்சபையே பின்னர் அவர்களது நிலத்தைச் சட்டமியற்றி எடுத்தது.

சொல்லின் அபாயத்தை ஆளும் வர்க்கத்து அறிஞர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அருமையானதொரு சான்றுண்டு. 1531இல் சேர் தொமஸ் எலியட் ஆட்சியாளருக்கான தமது நூலைத் தொடங்கும்போதே ஒரு சொல்லாராய்ச்சியில் இறங்குகிறார். இலத்தீனில் ‘றெஸ் பப்ளிக்கா’ என்பதை ஆங்கிலத்தில் ‘கொமன் வீல்’ எனப் பலரும் பெயர்த்து வருவது தவறு. ‘பப்ளிக் வீல்’ என்பதே சரி என்கிறார். காரணம் யாது? ‘கொமன்’ என்றால் எல்லாம் எல்லோர்க்கும் பொதுவாக வேண்டும் என்றோ, கீழ்மக்களே ஆளவேண்டும் என்றோ பொருளாகிவிடும் என்பது அவர் அச்சம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1516இல், தொமஸ் மோர் தமது ‘உற்றோப்பியா’வில் ஆடுகள் மனிதரை விழுங்கும் இங்கிலாந்தையும், உடைமை பொதுவான கற்பனைத் தீவையும் எதிரெதிரே வைத்திருந்தார். எலியட்டின் இலக்கணக் கவலை அக்காலத்துக் கம்பளி விலையோடு தொடர்புடையது எனக் கூறின் அது மிகையாகாது.

அவர் அஞ்சியது 1549இல் நிகழ்ந்தது. நோஃபோக் கோட்டத்தில் வேலிகளைப் பிடுங்கத் தொடங்கிய மக்கள் றொபேட் கெற் என்பவரின் அடைப்புகளுக்கும் வந்தனர். கெற் ஓரளவு நிலமுடையவர். அவர் தம் வேலிகளைத் தாமே அகற்ற உடன்பட்டு, அவர்களுக்குத் தலைமையும் தாங்கினார். நொறிச் நகருக்கு வெளியே மவுஸ்ஹோல்ட் வெளியில் ஏறத்தாழ 16,000 பேர் பாசறையிட்டனர் என்பர். அவர்கள் அரசுக்கு விடுத்த 29 கோரிக்கைகளுள் மூன்றாவது மொழி மாணவருக்குச் சிறப்பாக உரியது. எந்தப் பண்ணைப் பிரபுவும் கொமனில் ‘கொமன் செய்தல்’ ஆகாது என அது வேண்டுகிறது. இங்கு அச்சொல் வினையாக நிற்கிறது! கொமன் என்பது கிடக்கும் பொருளன்று, செய்யும் செயல் என அம்மக்கள் கருதினர். உழுதல், அறுத்தல் என்பனபோல அதுவும் ஒரு தொழில். இவ்வினைவழக்கு பின்னர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. செயல் ஒழிந்தபின் வினைச்சொல் எங்ஙனம் வாழும்? ஓகஸ்ட் இறுதியிற் படை அனுப்பப்பட்டுக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. டிசெம்பரில் கெற் நொறிச் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அதே 1549ஆம் ஆண்டிலேயே திருச்சபைக்கான ‘பொது ஜெபப் புத்தக’மும் நடைமுறைக்கு வந்தது. ஜெபத்தைப் பொதுவாக்குவதில் அரசுக்குத் தடையிருக்கவில்லை.

சரியாக நூறாண்டுகளின் பின், மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்ட 1649இல், எலியட் விலக்க விரும்பிய சொல் அரசின் பெயராகவே ஏறியது. மே மாதம் 19ஆம் நாள் இங்கிலாந்து ‘கொமன்வெல்த்’ எனப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனால் அதற்கு ஏழு வாரங்கள் முன்பே, ஏப்பிரல் முதலாம் நாளில், சறே கோட்டத்துச் சென் ஜோர்ஜ் குன்றிற் சில ஏழைகள் மண்வெட்டிகளுடன் சென்று கொமன் நிலத்தைக் கொத்தி விதைக்கத் தொடங்கிவிட்டனர். ‘டிகேஸ்’, அதாவது தோண்டுவோர் எனப்பட்ட இவர்களின் சிந்தனையாளர் ஜெறாட் வின்ஸ்ரன்லி. மண் மனிதர் யாவர்க்கும் பொதுவான களஞ்சியமாகவே படைக்கப்பட்டது என்பது அவரது வாதம். மன்னனை வெல்லச் சாதாரண மக்கள் உயிரும் பொருளும் தந்திருக்க, வெற்றியின் பின் பிரபுக்கள் மட்டும் தம் நிலத்தைப் பெறுவதும், ஏழைகள் தம் கொமனைப் பெறாதிருப்பதும் எந்த நீதி என அவர் அவ்வாண்டிலேயே கொமன்ஸ் சபைக்கு எழுதிக் கேட்டார். விடை வரவில்லை. உள்ளூர் நிலவுடைமையாளரின் வழக்குகளும் அடியாட்களும் 1650ஆம் ஆண்டின் வசந்தத்துள் அவர்களை முற்றாகக் கலைத்தன. முதலாளித்துவப் புரட்சி எல்லையை எங்கு கீறும் என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. முடியாட்சியை ஒழித்த அரசு ‘பொதுச் செல்வம்’ எனத் தனக்குப் பெயரிட்டுக்கொள்ளலாம். செல்வத்தைப் பொதுவாக்குவதன்று அதன் பணி. சென் ஜோர்ஜ் குன்று இன்று வாயிற்கதவும் காவலும் கொண்ட செல்வந்தர் குடியிருப்பு. அங்கு கோல்ஃப் மைதானமும் உண்டு.

நீதிமன்றங்களின் பங்கும் சிறிதன்று. உள்ளூர் வழமைகளுக்கு மேலாக நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் என்ற பொருளிலேயே ‘கொமன் லோ’ என்ற தொடர் எழுந்தது. அப்பொதுச் சட்டமே பொது உரிமையை அறுத்தது. ஓர் ஊரில் வசிப்போர் என்ற காரணத்தால் மட்டும் எவரும் கொமன் உரிமை கோரலாகாது. ‘வசிப்போர்’ என்பது வரையறையற்ற கூட்டம் என 1607இல் கேற்வாட் வழக்கிலே தீர்க்கப்பட்டது. குறிப்பிட்ட வீட்டோடோ காணியோடோ உரிமை பிணைந்திருத்தல் வேண்டும். காணியற்றவனுக்கு வழக்கமாக விடப்பட்டது அன்றோடு சலுகையாயிற்று. 1788இல் மேரி ஹவுற்றன் என்ற சஃபோக் பெண், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கியமைக்காக நீதிமன்றுக்கு இழுக்கப்பட்டாள். விதவைக்கும் அந்நியனுக்கும் கதிரை விட்டுவைக்குமாறு விவிலியமே கூறுகிறது எனவும், நினைவுக்கெட்டாத காலந்தொட்டு நிகழ்வது எனவும் அவள் தரப்பு வாதித்தது. உடைமை என்றால் தனித்தனுபவித்தலே. பிறர்க்கு அதில் உரிமை உண்டெனல் உடைமையின் இயல்புக்கே முரண் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் தீர்ப்பு. அத்தீர்ப்பு வழங்கப்பட்ட மன்றின் பெயர் ‘கொமன் பிளீஸ்’.

முன்னர் குறிப்பிட்ட பொருள்திரிபை இக்காலப் பகுதியிலேயே எழுத்திற் காணலாம். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி ‘கொமன்’ என்ற உரிச்சொல்லுக்கு முதற்பொருளாக, ஒருவருக்கு மேற்பட்டோருக்குச் சமமாக உரியது எனக் கூறுகிறது. அடுத்த பொருள், உடையவரோ உரிமையாளரோ இல்லாதது. பின்பு இழிந்தது, எளிதிற் கிடைப்பது, குலமும் பிறப்பும் அற்றவர், விலைமகள் எனத் தொடர்கிறது. முதலிரு பொருள்களும் ஒன்றையொன்று மறுப்பவை. பலர்க்கு உரியதை எடுத்துக்கொள்வது களவு. எவர்க்கும் உரியதல்லாததை எடுத்துக்கொள்வது முயற்சி, முன்னேற்றம். ஜோன்சன் திட்டமிட்டு இதனைச் செய்தார் என நாம் கூறவில்லை. அவர் தம் காலத்துக் கற்றோர் வழக்கைப் பதிந்தார். அவ்வழக்கு யாருடையது என்பதே எமது கேள்வி.

அகராதி வெளிவந்த காலம் நிலம் அடைக்கும் மசோதாக்கள் பெருகத் தொடங்கிய காலம். 1604க்கும் 1914க்கும் இடையில் இத்தகைய மசோதாக்கள் 5,200க்கு மேல் நிறைவேறின. அவற்றாற் பாதிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்கு. இவற்றுட் பெரும்பகுதி 1760இற்குப் பின் வந்தவை. ஊரவரின் சம்மதம் தலையெண்ணி அன்று, நில மதிப்பை எண்ணியே கணிக்கப்பட்டது. உரிமையைச் சட்டப்படி நிறுவ இயலாத குடிசைவாசி ஒன்றும் பெறவில்லை. சிறுதுண்டு பெற்றவனோ வேலிக்கும் அளவைக்கும் ஆன செலவைத் தாங்கமாட்டாது விற்றான். நில அடைப்பை ஆண்டுக்கணக்காக ஆதரித்துப் பிரசாரம் செய்த ஆதர் யங், 1801இல், இருபது மசோதாக்களிற் பத்தொன்பது ஏழைகளைப் பாதித்தன எனத் தாமே எழுத நேர்ந்தது. ‘பாழ்நிலங்களை’ ஏழைகளின் வாழ்வுக்குப் பயன்படுத்தல் பற்றியதே அப்பிரசுரமும். அனுதாபியான யங்கின் பேனாவிலும் கொமன் பாழாகவே தோன்றியது. மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதற் பாகத்தில் இச்சட்டங்களைப் பாராளுமன்ற வடிவிலமைந்த கொள்ளை என்றே மதிப்பிட்டார். நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டோர் யாவரும் உடனே ஆலைக்கு ஓடினர் எனக் கூறுவது எளிமைப்படுத்தலாகும். பலர் அதே கிராமத்திலேயே, முன்பு பசு மேய்த்த இடத்திற் கூலிக்கு வேலியடைத்தனர்.

கவிஞர் ஜோன் கிளேயர் அவ்வாறு வேலியடைத்தவருள் ஒருவர். 1793இல் ஹெல்ப்ஸ்ரன் என்னும் சிற்றூரில் உழைப்பாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அவ்வூருக்கான அடைப்புச் சட்டம் 1809இல் நிறைவேறியது. இறுதிப் பங்கீடு 1820இல் வெளியாயிற்று. அதே 1820இல் அவரது முதற் கவிதை நூலும் வெளியாயிற்று. அதன் முகப்பு அவரை ‘நோதாம்ரன்ஷயர்க் குடியானவன்’ என அறிமுகப்படுத்தியது. செல்வரின் ஆணவத்தையும் நில இழப்பையும் பற்றிய சில அடிகள் தீவிரவாதமெனப் புரவலர் றட்ஸ்ரொக் பிரபு ஆட்சேபித்தார். பின்வந்த பதிப்புகளில் அவை நீக்கப்பட்டன. கிளேயரின் வட்டாரச் சொற்களும் நிறுத்தக்குறியற்ற எழுத்தும் பதிப்பாளராற் திருத்தப்பட்டன. நிலத்தை அடைத்ததும் மொழியைத் திருத்தியதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் எனக் கருதுவோர் உண்டு. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நேரான வேலியும் சீரான இலக்கணமும் ஒரே உடைமைக் கண்ணோட்டத்தின் இரு வெளிப்பாடுகள். கிளேயர் 1864இல் நோதாம்ரன் மனநல விடுதியிலேயே மறைந்தார்.

இதற்கு அரசியற் பரிமாணமும் இருந்தது. 1793இல் வாக்குரிமைச் சீர்திருத்தம் வேண்டி ஷெஃபீல்ட் நகரத்தார் அனுப்பிய விண்ணப்பத்தை, அதன் மொழி மரியாதைக் குறைவானது எனக் கூறிக் கொமன்ஸ் சபை ஏற்க மறுத்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1776இல், தொமஸ் பெயின் தமது பிரசுரத்துக்கு ‘கொமன் சென்ஸ்’ எனப் பெயரிட்டு அமெரிக்கக் குடியேற்றவாசிகளைச் சாதாரண மனிதனின் தெளிவான நடையிலே தட்டியெழுப்பியிருந்தார். அந்நடையின் வலிமையைக் கண்டோர் அதனைக் ‘கொமன்’ என இகழ்ந்ததில் வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டும்போது, ‘அவள் பேச்சு மிகவும் கொமன்’ என்றால் கீழ்வர்க்கத்தது, நாகரிகமற்றது என்ற பொருள் நடுத்தர வர்க்க வரவேற்பறைகளில் உறுதிப்பட்டுவிட்டது. கொமன் நிலம் பெரும்பாலும் அடைபட்டு முடிந்த காலமும் அதுவே.

ஜோன்சன் தந்த விலைமகள் என்ற பொருள் மிகப் பழையது. இடைக்கால ஆங்கிலத்திலேயே ‘கொமன் பெண்’ என்ற வழக்குண்டு. பெண்ணையும் ஆணொருவனின் அடைப்புக்குட்பட்ட நிலமாகக் கண்ட சமுதாயம், அடைபடாதவளை ஊர்ப்பொது நிலத்தின் பெயரால் அழைத்தது. தமிழும் இதற்கு விலக்கன்று. திருக்குறளின் வரைவின் மகளிர் அதிகாரத்தில் வரும் ‘பொதுநலத்தார்’ என்ற சொல் குறிப்பது விலைமகளிரை. இன்று பொதுநலத்தொண்டர் என்பது புகழுரை. நிலத்தின் சொல் வசையான கதைக்கும் தமிழகத்தில் இணையுண்டு. வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்ட மேய்ச்சல் தரை, குளக்கரை, வண்டிப்பாதை முதலியவற்றை வருவாய்த்துறை ‘புறம்போக்கு’ என வகைப்படுத்தியது. ஊராரின் அன்றாட வாழ்வு சார்ந்திருந்த நிலத்தின் பெயர் இன்று உதவாக்கரை மனிதனைத் திட்டும் சொல். வருவாய் தராத நிலம் மதிப்பற்றது என்ற நோக்கு மனிதன்மேற் பாய்ந்ததை இங்கும் காண்கிறோம்.

ஐரோப்பாவிற்குத் திரும்புவோம். றைன் மாகாணத்தில் காட்டில் உதிர்ந்த விறகைப் பொறுக்குவதையும் திருட்டாக்கும் சட்டவிவாதம் பற்றி 1842இல் இளம் மார்க்ஸ் பத்திரிகையில் எழுதினார். பொருளியற் பிரச்சினைகளின்பால் தம்மை முதலில் ஈர்த்தவற்றுள் அதுவும் ஒன்று என 1859இல் அவரே நினைவுகூர்ந்தார். பொதுவுடைமை இயக்கத்தின் பெயரும் ‘கொமன்’ என்பதன் அதே இலத்தீன் வேரிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. 1885இல் சோஷலிஸ்ட் லீக்கின் பத்திரிகைக்கு வில்லியம் மொறிஸும் தோழர்களும் சூட்டிய பெயர் ‘கொமன்வீல்’. எலியட் புறந்தள்ளிய அதே சொல். இதே காலத்தில் எஞ்சிய கொமன்களைக் காக்கவும் ஓர் இயக்கம் எழுந்தது. இலண்டனை அண்டிய எப்பிங் காட்டில் கிளை வெட்டும் தம் உரிமையை விடமறுத்த லௌற்றன் ஊர்த் தொழிலாளர் சிறைசென்றனர். 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைக் காப்பாற்றியது. ஆனால் கிளை வெட்டும் உரிமையை இழப்பீட்டுடன் ஒழித்து, காட்டை நகரத்தார் உலாவும் இடமாக்கியது. இன்று ஆங்கிலேயரிற் பலருக்குக் கொமன் என்பது நாயை நடத்திச் செல்லும் புல்வெளி.

இச்சொல் எம் தீவை வந்தடைந்தபோது ‘கொமன்’ என்ற உருவில் வரவில்லை; அதன் மறுபெயரான ‘வேஸ்ற்’ என்ற உருவிலேயே வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையிலுள்ள காடுகள், பாழ்நிலங்கள், குடியில்லாதனவும் பயிரிடப்படாதனவுமான காணிகள் யாவும், மறுதலையாக எண்பிக்கப்படும் வரை, முடிக்குரியன என ஊகித்தது. கண்டி மாகாணங்களிற் சேனைக் காணிக்கு உரிமை கோருவோர் சன்னசு அல்லது அரச கொடைப்பத்திரம் காட்டவேண்டும். சேனை வெட்டுவதும், மாடு மேய்ப்பதும், விறகும் வீட்டுமரமும் எடுப்பதும் பத்திரத்தால் நிகழ்ந்தவை அல்ல; வழமையால் நிகழ்ந்தவை. 1607இல் ‘வசிப்போர்’ இழந்ததைக் கண்டிக் கிராமத்தவர் ஒரே கட்டளையில் இழக்கும் நிலை வந்தது. எண்பிக்கும் சுமை அவர்கள் தோளிற் போடப்பட்டது. கிராமத்தவர் நடைமுறையில் இழந்த நிலத்தின் அளவு பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முடிக்குரிய காணியைக் கோப்பிச் செய்கைக்கென ஏக்கர் 5 சிலிங் விலையில் வாங்கியோரில் ஆளுநர் ஸ்ருவேட் மக்கென்சியும் உயர் அதிகாரிகளும் இருந்தனர் என்பதில் வேறுபாடில்லை. 1897இல் பாழ்நிலங்களுக்கெனவே தனியொரு கட்டளைச் சட்டமும் வந்தது.

அத்தோட்டங்களில் உழைக்கச் சென்னை மாகாணத்திலிருந்து அழைத்து வரப்பட்டோர் தமிழர். கண்டிக் கிராமத்தவன் தன் காட்டை மறித்தவனாகத் தோட்டத் தொழிலாளியைக் கண்டான். தொழிலாளிக்கோ லயன் அறையின் வாசலுக்கு அப்பால் ஒரு சாண் நிலமும் உரியதாக இருக்கவில்லை. இருவரையும் அவ்வாறு எதிரெதிரே நிறுத்திய சட்டம் ஆங்கிலப் பண்ணைப் பிரபுவின் சொல்லகராதியிலிருந்து வந்தது என்பதை இருவரும் அறிய வாய்ப்பில்லை. 1948 பெப்ரவரியில் இலங்கை சுதந்திரமடைந்து கொமன்வெல்த்தின் உறுப்புநாடாயிற்று. வின்ஸ்ரன்லியின் காலத்துச் சொல்லைப் பேரரசு தன் பழைய குடியேற்றங்களின் கூட்டுக்குச் சூட்டியிருந்தது. நாம் அதனைப் ‘பொதுநலவாயம்’ எனத் தமிழாக்கினோம். அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1972இல் குடியரசானதன் பின் ‘முடிக்குரிய காணி’ என்பது ‘அரச காணி’ எனப் பெயர் மாறிற்று. 1840ஆம் ஆண்டின் ஊகம் மாறவில்லை.